வெந்நீர் ஊற்றில் யார் இறங்கலாம், யார் கரையோடு நிற்க வேண்டும்?

வாசகி ஒருவரின் (வயது 56) நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடுத்த மாதம் குடும்பத்தோடு மலைக்குப் போகிறார். வண்டி நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் ஏறி நடந்தால், சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் கந்தக வாடை வீசும் இயற்கை வெந்நீர் ஊற்று. இவருக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். கணவருக்கு வயது 63. பதினைந்து வருடச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரைகளோடு காலையும் இரவும் இன்சுலின். ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, புரோஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின். சில மாதங்களாக ‘பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு’ என்கிறாராம். கூட வரும் மருமகள் ஏழு வாரக் கர்ப்பிணி. பேரனுக்கு எட்டு வயது.

அவர் கேட்பவை: கந்தக நீரில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூட்டுவலி தீருமா? கணவர் காலை மட்டும் நனைத்தால் மரத்துப்போன பாதத்துக்கு உணர்வு திரும்புமா? வெந்நீரே அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால் அன்று பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா? தனக்கு சல்ஃபா மருந்து ஒவ்வாமை உண்டு, கந்தக நீர் ஆகுமா? ‘பூமிக்கு அடியிலிருந்து கொதித்து வரும் நீர், அதில் கிருமி இருக்காது, குடிக்கவும் ஒரு பாட்டில் பிடித்து வரலாம் என்றிருக்கிறோம்’ என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் முழுக்கக் கந்தகம் இருக்கிறது. தண்ணீர் எத்தனை டிகிரி என்பது மட்டும் எங்குமே இல்லை. நீங்கள் சொன்ன நான்கு பேருக்கும் நன்மை செய்வதும் கெடுதல் செய்வதும் பெரும்பாலும் அந்தச் சூடுதான். அதனால் உங்கள் வரிசையை மாற்றி, சூட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

மலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறை வெடிப்புகள் வழியாகப் பல நூறு மீட்டர், சில இடங்களில் சில கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்குகின்றன. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி வரை பூமி சூடேறிக்கொண்டே போகும். சூடான நீர் இன்னொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. வழியில் எவ்வளவு குளிர்நீர் கலந்தது என்பதைப் பொறுத்து அது வெதுவெதுப்பாகவும் இருக்கலாம், கொதிநிலையிலும் இருக்கலாம். மழைக்குப் பிறகு ஒரு சூடு, வறண்ட மாதத்தில் வேறு சூடு. நிலச்சரிவோ நில அதிர்வோ வந்தால் மொத்தமாகவே மாறலாம். ‘போன வருஷம் நாங்க போனப்ப இதமா இருந்துச்சு’ என்று யாராவது சொன்னால், அது போன வருடத்துத் தகவல்.

குளிக்கத் தக்க சூடு 37 முதல் 39 டிகிரி செல்சியஸ். ஆரோக்கியமானவருக்கும் 40-தான் மேல் வரம்பு. அதைத் தாண்டிய பிறகு விஷயம் வேகமாக மோசமாகும்: பெரியவர்களின் தோலில் ஆழமான தீப்புண் உண்டாக 49 டிகிரியில் பத்து நிமிடம் போதும், 55-ல் அரை நிமிடம், 60-ல் ஐந்தே நொடி. குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வெந்துவிடும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளில் இறங்கியும் தவறி விழுந்தும் வெந்து இறந்தவர்கள் 20 பேருக்கு மேல். ஊற்றைச் சுற்றியுள்ள தரை சில இடங்களில் மெல்லிய ஓடு மட்டும்தான். அடியில் கொதிநீர் இருக்கும். போட்ட பாதையை விட்டு, வெள்ளையாகவும் மஞ்சளாகவும் படிவு படிந்த தரையில் யாரும் கால் வைக்க வேண்டாம்.

ஆகவே பையில் முதலில் வைக்க வேண்டியது ஒரு தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அதன் அளவு 42-ஓடு முடிந்துவிடும். சமையலறையில் பயன்படும், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 100 டிகிரிக்கு மேலும் காட்டும், அதை வாங்குங்கள். குளத்தில் ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நீர் உள்ளே வரும் வாய், உட்காரப்போகும் இடம், மேற்பரப்பு, காலடி என நான்கு இடத்திலும் பாருங்கள். சூடான நீர் மேலே நிற்பதால் வழக்கமாக மேற்பரப்புதான் சூடு. ஆனால் ஊற்றுக்கண் குளத்தின் தரையிலேயே இருந்தால் மேலே 38 காட்டும்போது பாதத்துக்கு அடியில் 50 இருக்கலாம்.

கணவரின் பாதம்

இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். ‘காலை மட்டும் நனைத்தால் ஆபத்தில்லை’ என்று நினைத்திருக்கிறீர்கள். அவர் விஷயத்தில் அது தலைகீழ். அவர் உடம்பிலேயே வெந்நீரில் வைக்கக்கூடாத இடம் அந்தப் பாதங்கள்தான்.

பஞ்சின்மேல் நடப்பது போல இருக்கிறது என்பது சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை. வலியையும் சூட்டையும் மூளைக்குக் கொண்டுபோகும் மெல்லிய நரம்புகள் பல பேருக்கு முதலிலேயே செயலிழந்துவிடும். சூடு தாங்காமல் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அந்த எச்சரிக்கை அவருக்கு வராது. 48 டிகிரி நீரில் பதினைந்து நிமிடம் சுகமாகக் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். மாலையில் காலுறையைக் கழற்றும்போது கொப்புளம் தெரியும். ரத்த ஓட்டமும் குறைந்த காலாக இருந்தால் அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகி, விரலையோ பாதத்தையோ எடுக்கும் நிலைக்கும் போகலாம்.

மரத்துப்போன காலுக்கு வெந்நீர் உணர்வைத் திருப்பித் தராது. சூட்டில் தோலுக்கு ரத்தம் பாய்வதால் சிறிது நேரம் கதகதப்பாகத் தோன்றும், அதைக் குணம் என்று எண்ணிவிடுகிறார்கள். நரம்புக்கு உதவுவது சர்க்கரைக் கட்டுப்பாடுதான். வைட்டமின் பி12 அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு அது குறையும், குறைந்தாலும் கால் மரக்கும்.

பயணத்துக்கு முன் ஒரு பாதப் பரிசோதனை அவசியம். மோனோஃபிலமென்ட் என்ற, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் பல இடங்களில் வைத்துப் பார்ப்பார்கள். கால் நாடித் துடிப்பையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. உணர்வு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் அவர் 38 டிகிரிக்கு மேல் உள்ள எந்த நீரிலும் கால் வைக்கக்கூடாது. நீரை அவர் கால் விட்டுப் பார்க்க வேண்டாம். தெர்மாமீட்டர் பார்க்கட்டும், அது இல்லாவிட்டால் உங்கள் முழங்கை பார்க்கட்டும். பாதத்தில் வெடிப்போ புண்ணோ இருந்தால் குளியலே வேண்டாம். கரையில் வெறுங்காலோடு நடப்பதும் கூடாது; வெயிலிலும் ஊற்று நீராலும் சூடேறிய பாறையே சுட்டுவிடும். ரப்பர் அடியுள்ள, விரல்களை மூடிய செருப்பைப் போட்டுக்கொண்டே தண்ணீரில் இறங்கட்டும்.

இரண்டு மணி நேர ஏற்றமும் அதே பாதத்துக்குத்தான். புதுக் காலணியை மலையில் வைத்து முதல்முறை போட வேண்டாம். பாதி வழியில் ஒருமுறை காலணியைக் கழற்றி நீங்களே பாதத்தைப் பாருங்கள். ‘ஒண்ணும் இல்ல’ என்பார், அதை நம்பாதீர்கள்.

இன்சுலினும் மாத்திரைகளும்

இன்சுலின் போட்ட இடம் சூடானால் அங்கு ரத்த ஓட்டம் கூடி, மருந்து எதிர்பார்த்ததைவிட வேகமாக உடலில் சேரும். ஏற்றம் நடந்ததாலும் சர்க்கரை இறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரும். அதன் அறிகுறிகளான வியர்வை, படபடப்பு, தளர்ச்சி எல்லாமே வெந்நீரில் உட்கார்ந்திருப்பவருக்கு இயல்பாகவும் வரும். எது எதனால் என்று அவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருக்கும் உங்களுக்கும் தெரியாது. எனவே இன்சுலின் போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டாம். இறங்கும் முன் சர்க்கரை பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, சர்க்கரை ஏறிய பிறகு இறங்கலாம். குளுக்கோஸ் பொட்டலம் பையின் அடியில் கிடக்கக்கூடாது, கரையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கடுங்குளிரில் பரிசோதனைக் கருவி தவறாகக் காட்டலாம் அல்லது வேலை செய்யாது. அதைச் சட்டைக்குள் வைத்திருங்கள். இன்சுலினையும் அப்படியே. ஒருமுறை உறைந்துவிட்ட இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாகத் தெரிந்தாலும் பயன்படாது.

டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், கூடவே தண்ணீரும் போகும். மலை ஏற்றத்தில் வியர்த்து, வறண்ட காற்றில் மூச்சு வாங்கி, வெந்நீரில் மேலும் வியர்த்தால் உடலில் நீர் வற்றிவிடும். பட்டினியோடு போனால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தும் இந்த மாத்திரைக்கு உண்டு. அந்த நாட்களில் இதை இடைநிறுத்த வேண்டுமா என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குளியல் பத்து நிமிடம், நிறுத்தியதன் விளைவு நாள் முழுக்க இருக்கும். சில வகை மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் அழுத்தம் எகிறவும் செய்யும். ஆனால் வெந்நீர் அழுத்தத்தைக் குறைக்கும் என்று நீங்கள் எழுதியது உண்மைதான், ஆபத்து இருப்பதும் அங்கேதான். மார்பளவு நீரில் இருக்கும்போது சூட்டால் ரத்தக் குழாய்கள் விரிந்திருந்தாலும், சுற்றியுள்ள நீரின் அழுத்தம் காலிலுள்ள ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். எழுந்து நின்ற கணத்தில் அந்தத் தாங்கல் போய்விடும். குழாய்கள் மட்டும் விரிந்தபடியே இருக்கும். ரத்தம் காலுக்கு இறங்கி, மூளைக்குப் போவது குறைந்து, கண் இருட்டும். டாம்சுலோசின் சாப்பிடுபவருக்கு இது இன்னும் எளிதில் வரும். வெந்நீரில் மயங்கி விழுபவர்களில் பலர் வெளியேறும்போதுதான் விழுகிறார்கள், அதுவும் பாசி படிந்த பாறைமேல்.

எனவே அவர் எழும் முறை இப்படி இருக்கட்டும். முதலில் இடுப்பளவு நீருக்கு நகர்ந்து ஒரு நிமிடம். பிறகு கரை விளிம்பில் ஏறி, கால் நீரில் இருக்க, கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்தியபடி இரண்டு நிமிடம். அதன் பிறகே ஒருவர் கையைப் பிடித்து எழுவது. தலை சுற்றினால் அங்கேயே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். தூக்கி நிறுத்தி நடக்க வைக்க முயல வேண்டாம். கையில் ரத்த அழுத்தக் கருவி இருந்தால் இறங்கும் முன் ஒருமுறை பாருங்கள். மேல் அளவு 110-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கு வேண்டாம் என்பது என் அளவுகோல்.

மார்வலி, சமீபத்திய மாரடைப்பு, இதய வால்வுச் சுருக்கம், நடந்தால் மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது அவருக்கு இருந்து கடிதத்தில் விட்டுப்போயிருந்தால், இதய மருத்துவரைப் பார்க்காமல் மலையேற்றமே வேண்டாம்.

உங்கள் முழங்கால்

கனிம நீர்க் குளியல் மூட்டுத் தேய்மான வலியை ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து தினமும் குளித்தவர்களைப் பற்றியவை, சிறிய ஆய்வுகள். வலி குறைந்தது கந்தகத்தாலா, சூட்டாலா, ஓய்வாலா என்று பிரித்துச் சொல்வதும் கடினம். மிதப்பு தரும் சுகம் மட்டும் சந்தேகமில்லாதது: இடுப்பளவு நீரில் முழங்கால் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிறது. தேய்ந்த குருத்தெலும்பு ஒரு குளியலில் வளராது. இறுக்கம் தளரும், சில மணி நேரம் வலி குறையும். அது போதும் என்றால் தாராளமாக இறங்குங்கள்.

அரை மணி நேரம் வேண்டாம். 38, 39 டிகிரியில் பத்து நிமிடம், வெளியே பத்து நிமிடம், மனமிருந்தால் இன்னொரு பத்து. நீருக்குள் உட்கார்ந்தபடி காலை மெதுவாக நீட்டி மடக்குங்கள், பத்துப் பத்துத் தடவை. முழங்கால் அன்று வீங்கிச் சூடாக இருந்தால் வெந்நீர் வீக்கத்தைக் கூட்டும். அப்போது கரையிலேயே இருங்கள். இன்னொன்று: குளித்து முடித்த கையோடு இறக்கம் நடக்காதீர்கள். தசை தளர்ந்திருக்கும், முழங்காலை அதிகம் வாட்டுவதும் இறக்கம்தான். ஒரு மணி நேர ஓய்வும் இரண்டு ஊன்றுகோலும் வேண்டும்.

சல்ஃபா ஒவ்வாமைக்கும் கந்தக ஊற்றுக்கும் தொடர்பில்லை. உங்களுக்கு ஆகாதது சல்ஃபோனமைடு என்ற மருந்து வகையின் மூலக்கூறு. ஊற்றில் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடும் சல்ஃபேட் உப்புகளும். ஆனால் உயர மலை நோய்க்கு முன்தடுப்பாகத் தரப்படும் அசிட்டசோலமைடு மாத்திரை அந்த சல்ஃபோனமைடு குடும்பத்தைச் சேர்ந்தது. யாராவது எடுத்துக் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், மருத்துவரிடம் ஒவ்வாமையைச் சொல்லிக் கேளுங்கள். அதே மாத்திரை விரல்களிலும் பாதத்திலும் ஊசி குத்துவது போன்ற உணர்வைத் தரும், சிறுநீரையும் கூட்டும். கணவர் சாப்பிட்டால் எது நரம்புப் பாதிப்பு, எது மாத்திரை என்ற குழப்பம் வேறு சேரும்.

2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். வந்து சேர்ந்த அன்று மாலை ஓய்வு; குளியல் மறுநாள். தலைவலியோடு யாரும் இறங்க வேண்டாம்.

மருமகளும் பேரனும்

மருமகள் வெந்நீரில் இறங்க வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாயின் உள் உடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டினால், குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு கூடுகிறது. 40 டிகிரி நீரில் கழுத்தளவு உட்கார்ந்தால் வியர்வையால் உடலைக் குளிர்விக்க முடியாது, உள் வெப்பம் நிமிடங்களில் ஏறும். தெரியாமல் முன்பே ஒருமுறை இறங்கியிருந்தால் பதற வேண்டியதில்லை, மகப்பேறு மருத்துவரிடம் சொன்னால் போதும். ஏழு வாரத்தில் இந்த உயரத்துக்கு ஏறலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

பேரன் 38 டிகிரிக்கு மேல் போகாத நீரில், ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், ஐந்து நிமிடம். குதிக்கக்கூடாது, முங்கக்கூடாது.

கிருமி, வாயு, குடிநீர்

பாறையிலிருந்து வெளிவரும் இடத்தில் நீர் கொதிநிலையில் இருக்கலாம். நாம் குளிக்கும் 38 டிகிரியிலோ பல கிருமிகள் செழிப்பாக வளரும். நெக்லீரியா ஃபவுலெரி என்ற அமீபா 46 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். மூக்கு வழியாக நீர் ஏறினால் மூளைக்குப் போகும். இது மிக அரிது. வந்தால் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. தடுப்பது எளிது: தலை நீருக்கு மேலேயே இருக்கட்டும், முகத்தில் நீரை அடிக்க வேண்டாம், அடியிலுள்ள சேற்றைக் கலக்க வேண்டாம். இதற்காகத்தான் பேரனை முங்கவே கூடாது என்றேன். ஓரிரு நாளில் உள்ளாடை படும் இடத்தில் அரிப்போடு சிறு கொப்புளங்கள் வந்தால் அது பெரும்பாலும் சூடோமோனாஸ் கிருமியின் வேலை. குளித்த பின் நல்ல நீரில் கழுவி உலர்ந்த துணி மாற்றினால் வாய்ப்பு குறையும்.

அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. திறந்த வெளியில் வாடையோடு போய்விடும். கூரையும் சுவரும் உள்ள, காற்றுப் போகாத குளியல் அறையிலும், காற்றசையாத பள்ளத்திலும் அது தேங்கும், ஏனெனில் காற்றைவிடக் கனமானது. செறிவு கூடினால் மூக்கு மரத்து வாடை தெரியாமல் போகும். ‘வாடை நின்றுவிட்டது’ என்பது அப்போது நல்ல சேதி இல்லை. தலைவலி, கண் எரிச்சல் வந்தால் உடனே வெளியேறுங்கள். வெள்ளிக் கொலுசும் மோதிரமும் கறுக்கும், கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

பாட்டிலில் பிடித்து வரும் யோசனையை விட்டுவிடுங்கள். ஆழத்துப் பாறைகளிலிருந்து ஆர்செனிக், ஃப்ளோரைடு போன்றவற்றையும் இந்த நீர் கரைத்துக்கொண்டு வரலாம். காய்ச்சினால் அவை போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். சில ஊற்றுகள் கடும் அமிலமாகவும் இருக்கும். ஜப்பானின் குசாட்சு ஊற்று நீரின் பி.எச். சுமார் 2.

தீப்புண் ஏற்பட்டால்

ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம், அவ்வளவுதான். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். மலை ஓடை நீர் மிகக் குளிராக இருக்கும் என்பதால், குழந்தைக்கு வெந்த இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி இறங்கிவிடுங்கள். கணவரின் பாதத்தில் சிறிய கொப்புளம் வந்தாலும், வலிக்கவில்லை என்று அவர் சொன்னாலும், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெந்நீரில் இருந்து நேராகப் பனி ஓடையில் பாயும் பழக்கம் சில இடங்களில் உண்டு. குளிர்ந்த நீர் பட்டதும் அழுத்தமும் இதயத்துடிப்பும் ஒரே எகிறாக எகிறும். உங்கள் கணவர் அதை வேடிக்கை பார்க்கட்டும்.

வீடு திரும்பிய பிறகு இரண்டு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சலோடு கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு வந்தாலோ, காய்ச்சலோடு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதல் வரியிலேயே ‘வெந்நீர் ஊற்றில் குளித்தோம், இந்தத் தேதியில்’ என்று சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.